கட்டியுலாவியல்

மாணாக்கனே, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார். கட்டியுலா என்பது, மூவருக்குக் குறையாத வீட்டார் ஒரு விடுமுறை நாளில், பால் கட்டியாகும் இடத்தைக் காணவெனப் புறப்பட்டுப் போய், பொழுது சாய வீடு திரும்புவது. இருவர் போனால் அது தேனிலவு. ஒருவன் தனித்துப் போனால் ஆய்வு. ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போவது படையெடுப்பு. அதற்கு நூல் வேறு. ஈண்டுக் கட்டி என்றது பாலாடைக்கட்டியையே. கருப்பட்டி, பனிக்கட்டி, அக்குளில் எழும் கட்டி ஆகியவை இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

எடுத்துக்கொண்ட நிலம், சுவிட்சர்லாந்தின் பிரிபூர் மாநிலத்துக் குரூயேர்ப் பகுதி. எடுத்துக்கொண்ட வீட்டார், பேர்ண் நகரில் குடியிருக்கும் ஈழத்தமிழர். 1980களிலிருந்து ஈழத்தமிழர் பல்லாயிரவர் அந்நாட்டில் குடியேறி வாழ்கின்றனர். ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கினால் அவர்களுக்குக் காட்ட நான்கு பொருள்கள் வைத்திருக்கின்றனர்: பனிமலை, ஏரி, சாக்லேட்டு, கட்டி. பனிமலைக்கு முழங்கால்வலி தடை. ஏரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் அவ்வளவுதான். சாக்லேட்டை வீட்டிலேயே தின்னலாம். எஞ்சுவது கட்டி. ஆகவே கட்டியுலா விரும்பித் தேர்ந்த செலவு அன்று, கழித்துக் கழித்து வந்து நின்ற எச்சம் என்று கொள்க.

இனி, பண்டையோர் வழியே முதல், கரு, உரி எனப் பகுத்துக் கூறுவோம்.

1. முதல்

முதல் என்பது நிலமும் பொழுதும். நிலம் இருவகைப்படும்: தாழ்களம், மலைக்களம்.

தாழ்களம், குரூயேர்த் தொடர்வண்டி நிலையத்துக்கு நேர் எதிரே பிரேஞ்சியில் உள்ள காட்சிப்பண்ணை. ‘குரூயேர் இல்லம்’ என்பது அதன் பெயர்ப்பொருள். மேலே கண்ணாடிக்கு இப்பால் நின்று கீழே நோக்கினால் செப்புக் கொப்பரைகள் தெரியும். ஒவ்வொன்றும் 4800 இலிட்டர் கொள்வது. எல்லாம் பளபளக்கும், எதையும் தொட இயலாது. மலைக்களம் என்பது மொலேசோன் மலையடியில் உள்ளதைப் போன்ற பழைய மரவீடு. அங்கே கொப்பரை விறகுத்தீயின் மேல் தொங்கும், புகை கண்ணில் படும், கட்டி செய்பவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்பார். அம்மம்மா வகையினர்க்கு உகந்தது மலைக்களமே. அடுப்பூதிப் பழகியவர் தம் கருத்தைச் சொல்ல அங்குதான் இடமுண்டு. “விறகு பச்சை. அதுதான் புகையுது” என்பது மலைக்களத்தில் தவறாமல் கேட்கும் கூற்று.

பெரும்பொழுதைப் பொறுத்தவரை, மலைக்களக் கட்டி மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, மாடுகள் உயர்ந்த புல்வெளியில் மேயும் திங்கள்களில் மட்டும் செய்யப்படுவது. தாழ்களத்துக்கு அவ்வரையறை இல்லை.

சிறுபொழுதே இவ்வியலின் பெருஞ்சிக்கல். முந்தைய நாள் மாலைப் பாலையும் அன்றைய காலைப் பாலையும் சேர்த்தே கட்டி செய்வர். பால் காலையில் வரும். உறைவதும் அறுபடுவதும் சூடேறுவதும் வடிவதும் பெரும்பாலும் முற்பகலிலேயே முடிந்துவிடும். வீட்டாரோ நண்பகல் கழிந்து வருவர். பாலின் பொழுதும் வீட்டாரின் பொழுதும் ஒன்றையொன்று தொடாமல் செல்லும் இந்நிலைக்குப் புறப்பாட்டுத் தாழ்வு என்று பெயர்.

புறப்பாட்டுத் தாழ்வு மூன்று. தலைமுடித் தாழ்வு, வீட்டில் மணமாகாத பெண் ஒருத்தியும் கண்ணாடி ஒன்றும் உள்ளவிடத்து நிகழும். கட்டுச்சோற்றுத் தாழ்வு, ரோல்சும் வடையும் ஆறுவதற்குள் பெட்டியை மூடினால் வியர்க்கும் என்று அம்மா அறிந்திருப்பதால் நிகழும். மூன்றாவது அடுப்பணைத்தோமாத் தாழ்வு. இது நுட்பமானது. கதவைப் பூட்டி, மூன்று மாடி இறங்கி, தெருவில் கால் வைத்த பிறகே இது பிறக்கும். அதற்கு முன் பிறந்ததாகச் சான்று இல்லை. மின்னடுப்பு ஆயினும் பிறக்கும். அணைத்தோம் என்று மூவர் உறுதி கூறினாலும் நான்காமவர் மேலே போய்ப் பார்த்தே வருவார். பார்த்தவர் ஒருமுறையும் எரியும் அடுப்பைக் கண்டதில்லை. அதற்குள் தொடர்வண்டி போயிருக்கும். அந்நாட்டுத் தொடர்வண்டி எவர் வீட்டு அடுப்புக்காகவும் நிற்பதில்லை.

இம்மூன்றும் கூடியவிடத்து வீட்டார் காண்பது கழுவுநிலைக் காட்சி. அஃதாவது, வெண்ணிறத் தொப்பியும் வெண்ணிற முழங்கால் மிதியடியும் அணிந்த ஒருவர் வெறுங்கொப்பரைக்குள் குழாய்நீரைப் பாய்ச்சிக்கொண்டிருப்பார். வீட்டார் அனைவரும் கண்ணாடியில் நெற்றி பதித்து அதை உன்னிப்பாகப் பார்ப்பர். அப்பா, “இப்பிடித்தான் சீஸ் செய்யிறவை” என்று விளக்குவார். கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்த்துக் கையசைப்பார். ஒளிப்படம் எடுக்கப்படும். கட்டியுலாப் படங்களுள் நீர்க்குழாய் பிடித்த ஒருவர் இருப்பாராயின், அவ்வீட்டார் அடுப்புப் பார்க்கத் திரும்பியவர் என்று துணிந்து கூறலாம்.

2. கரு

கருப்பொருள் ஐந்து: மாடு, பால், கொப்பரை, யாழ், வட்டு.

மாடு இருவகை: மேயும் மாடு, பேசும் மாடு. மேயும் மாட்டுக்குப் புல்லும் உலர்புல்லும் தரப்படும். குழியிலிட்டுப் புளிக்கவைத்த தீனி தரலாகாது என்பது குரூயேர்க் கட்டிக்குரிய கட்டுப்பாடு. பேசும் மாடு தாழ்களத்துக்கே உரியது. நுழைவுச்சீட்டோடு தரும் செவிக்கருவிக்குள் அது வாழ்கிறது. செரி என்பது அதன் பெயர். தன் புல்லையும் பாலையும் பற்றி அதுவே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வரும். பிள்ளைகள் இருமுறை கேட்பர். பெரியப்பா செவிக்கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாடு சொல்லவேண்டியதைத் தாமே சொல்லிக்கொண்டு வருவார்.

பால் காய்ச்சப்படாத பச்சைப்பால். முந்தைய வார்ப்பில் எடுத்து வைத்த மோர்த்தெளிவிலிருந்து வளர்த்த நுண்ணுயிர்களை முதலில் விடுவர், பிறகு உறைநொதி. ஏறத்தாழ 40 மணித்துளியில் கொப்பரை முழுவதும் ஒரே தயிராக நிற்கும். அப்போது யாழ் இறங்கும். யாழ் என்பது நரம்புபோல் கம்பிகள் கட்டிய சட்டம். தயிரைக் கோதுமை மணி அளவுக்கு அறுப்பது அதன் தொழில். பண் எதுவும் எழாது. அறுபட்ட மணிகளைக் கிளறிக்கொண்டே 57 பாகை வரை சூடேற்றி, தெளிவை வடித்து, அச்சில் இட்டு, ஏறத்தாழ 20 மணிநேரம் பளுவின்கீழ் அழுத்தி, பின் ஒரு நாள் உப்புக்கரைசலில் மிதக்கவிடுவர்.

பிறந்தது வட்டு. சற்றேறக்குறைய 35 கிலோ எடை. அதற்கு உண்ணக் கொடுத்தது 400 இலிட்டர் பால். வட்டின் விளிம்பைச் சுற்றிலும் அதன் பெயரும் செய்த பண்ணையின் எண்ணும் பதிந்திருக்கும். 2001 முதல் இப்பெயர் அந்நாட்டில் காக்கப்பட்ட பெயராதலின் அங்கே கண்டவிடத்தில் செய்து கண்டபடி இட இயலாது. வட்டு ஐந்து திங்களாவது முதிர்ந்தபின்னரே வெளியே வரலாம். பதினெட்டுத் திங்கள் வரை இருப்பதும் உண்டு. ஊரில் பிணைக்காகக் காத்திருப்பவர் பலர் இதைவிடக் குறைந்த நாளில் வெளியே வந்துள்ளனர் என்று பெரியப்பா கூறுவது நூலாசிரியர் கருத்து அன்று.

3. உரி

உரிப்பொருள் ஐந்து: சுளித்தல், இரங்கல், வினவல், துளைதேடல், பொதிதிறத்தல். சிலவற்றுக்குச் சார்பும் உண்டு. இவற்றை ஊன்றிப் படி. தேர்வில் வருவது இப்பகுதியே.

சுளித்தல் என்பது மூக்கு மேலெழுந்து புருவத்தை நோக்கிப் போதல். அதன் களம் முதிர்வறை. அங்கே ஊசியிலை மரப்பலகைகளில் வட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கும். பொறி ஒன்று வரிசை வரிசையாகச் சென்று ஒவ்வொரு வட்டையும் இழுத்து, உப்புநீரால் தேய்த்து, புரட்டி, மீண்டும் உள்ளே தள்ளும். தேய்க்கப்படும் மேற்றோலில் நுண்ணுயிர்கள் வேலை செய்கையில் அம்மோனியா கிளம்பும். அதுதான் மூக்கைத் தாக்குவது.

தாக்கப்படுவோர் நால்வகையினர். கதவு திறக்குமுன்னரே சுளிப்பவர் முன்மூக்கர். இவர் மணத்தால் அன்றி, கேள்வியால் சுளிப்பவர். உள்ளே போய்ச் சுளிப்பவர் உடன்மூக்கர். எல்லாம் முடிந்து தொடர்வண்டியில் ஏறியபின் தம் மேலங்கியை முகர்ந்து சுளிப்பவர் பின்மூக்கர். மூக்குப்பொடியால் மூக்கை முன்பே இழந்தவர் மூக்கிலி, அப்பப்பா இவ்வகை. முதிர்வறையில் நெடுநேரம் நின்று எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தவர் அவர் ஒருவரே.

சிலர் சொல்மூக்கர் என ஐந்தாவது வகை ஒன்றைக் கூட்டுவர். மூக்கால் உணர்ந்ததை உடனே வாயால் அறிவிப்பவர் சொல்மூக்கர். எடுத்துக்காட்டு:

“உதென்ன மணம்? ஆற்றையோ சப்பாத்து மணமெல்லோ.”

“அம்மம்மா, மெல்லக் கதையுங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டுமன். அவையளுக்குத் தமிழ் விளங்குமே?”

விளங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் சூரிச்சிலிருந்து வந்திருந்த புங்குடுதீவு வீட்டார். இதனால் பெறப்படும் பொது உண்மை: எவருக்கும் தமிழ் விளங்காது என்று ஒருவர் கூறுமிடத்தில் விளங்கும் ஒருவர் ஆறடிக்குள் இருப்பார். ஆயினும் சொல்மூக்கரைத் தனிவகையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது வாயின் வேறுபாடு, மூக்கின் வேறுபாடு அன்று.

இரங்கல் கொப்பரை முன் நிகழ்வது. அடுப்புப் பார்க்கத் திரும்பாமல் முற்பகலிலேயே வந்து சேர்ந்த வீட்டார்க்கே வாய்ப்பது. தமிழ் வீட்டில் பால் திரிதல் இழப்பு. அடுக்களையில் ஒரு செம்புப் பால் திரிந்தால் அந்நாள் முழுவதும் பேச்சு. பால்காரரில் தொடங்கி, சட்டியைச் சரியாகக் கழுவாத மருமகளில் முடியும். அத்தகைய மரபில் வந்த அம்மம்மா, 4800 இலிட்டர் பால் ஒரே கொப்பரையில், பட்டப்பகலில், நால்வர் பார்த்துக்கொண்டிருக்க, தெரிந்தே திரிக்கப்படுவதைக் காண்கிறார். அவர் கை மார்புக்குப் போகிறது. “ஐயோ, எவ்வளவு பால்” என்கிறார். அதற்குமேல் பேச்சில்லை. பேத்தி, இது திரிந்தது அன்று, உறைந்தது என்று விளக்குவாள். சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவது ஒருவழி, நொதியால் உறைவது மறுவழி என்பாள். அம்மம்மா தலையசைப்பார். தலையசைப்பு உடன்பாடு அன்று. பிள்ளை படித்திருக்கிறாள் என்பதற்கான ஒப்புகை. கற்றறிந்தோர் பலர் இவ்விடத்தில் அம்மம்மாவைத் திருத்த முயல்வர். நீ முயலாதே. அவர் இரங்கியது பாலுக்கு. அது உண்மையிலேயே பெருமளவு பால்.

வினவல் மூவகை. வெற்று வினவல், “கிலோ எவ்வளவு?” என்பது. விடை பிராங்கில் வரும். ஊர்க்காசுக்கு மாற்றும் பொறுப்பு காசுமாற்றி எனப்படும் மாமாவுடையது. மாற்றியபின் வீட்டார் அனைவரும் ஒருசேர மூச்சிழுப்பர். கற்றோர் வினவல், வழிகாட்டியின் நேரத்தை எடுத்துக்கொண்டு தம் அறிவைக் காட்டுவது, விடைக்குக் காத்திராது. மூன்றாவது மரக்கறி வினவல். உலாவின் போக்கையே மாற்றும் ஆற்றல் உடையது ஆதலின் விரித்துரைப்போம்.

பெரியம்மா மரக்கறி உண்பவர். வெள்ளிக்கிழமை மட்டும் அன்று, எக்கிழமையும். சுவைக்க வெட்டிவைத்த துண்டைக் கையில் எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் நிறுத்தி, “தம்பி, உது மரக்கறிதானே? பால்தானே?” என்று கேட்பார். மெய் யாதெனில், குரூயேர்க் கட்டிக்குக் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்த உறைநொதியே இடப்படுகிறது. பால்குடி மாறாத கன்றின் வயிற்றில் தாய்ப்பாலை உறையவைக்க இயற்கை வைத்த பொருள் அது. எல்லாக் கட்டியும் அப்படி அன்று. நுண்ணுயிரிலிருந்து ஆக்கிய நொதி இடுவதும் உண்டு. போர்த்துகல் நாட்டு எசுத்திரேலா மலைக்கட்டிக்கு ஒருவகை முட்செடிப் பூவை ஊறவைத்த நீரால் உறையூட்டுவர். ஆனால் தம்பியின் முன் இருக்கும் தட்டில் உள்ளது குரூயேர்க் கட்டி.

தம்பியின் விடை நான்கனுள் ஒன்றாகும். மறைவிடை: “ஓம் பெரியம்மா, பால்தான்.” இது பொய் அன்று, குறை. மழுப்புவிடை: “பெரும்பாலும்.” மடைமாற்று விடை: “அந்தா, மாட்டைப் பாருங்கோ.” மெய்விடை: முழுவதையும் சொல்லிவிடுதல். மெய்விடை கூறியவிடத்துப் பெரியம்மா துண்டை மெல்ல, எவர் மனமும் நோகாமல், தட்டின் ஓரத்தில் வைத்து, கையைத் துடைப்பார். பிறகு ஒன்று கேட்பார்: “அப்ப போன முறை வந்து பிட்சா சாப்பிட்டனே?” இவ்வினாவுக்கு இந்நூலில் விடை இல்லை. அதனால்தான் முதல் விடையைச் சொல்வோர் மிகுதி. எனினும் மெய்விடையே நெறி என்பது எம் துணிபு. உண்பவர்க்குத் தான் உண்பது யாதென அறியும் உரிமை உண்டு. சொல்வதானால் துண்டு வாயருகே போகுமுன் சொல். நுழைவாயிலில் சொன்னால் இன்னும் நன்று.

துளைதேடல் சிறுவர்க்கு உரியது. அசைவூட்டப் படங்களில் எலி குடியிருக்கும் மஞ்சள் கட்டியைக் கண்டு வளர்ந்தவன், வட்டு வட்டாகப் பார்த்து, “ஓட்டை எங்க?” என்பான். குரூயேர்க் கட்டியில் துளை அரிது. இருந்தாலும் பட்டாணிக்கு மேற்படாது. பெருந்துளை, பக்கத்து எம்மென்டால் பள்ளத்தாக்கின் கட்டிக்கே உரியது. அங்கே நுண்ணுயிர் வெளியிடும் வளி குமிழாகித் துளையாகிறது. குமிழ் தொடங்குவதற்குப் பாலில் விழுந்த உலர்புல் துகளே வித்து என்று 2015இல் சுவிட்சர்லாந்து அரசின் அக்ரோஸ்கோப் ஆய்வகம் தெரிவித்தது. பால் கறக்கும் முறை மேன்மேலும் தூய்மையானதால் துளைகள் குறைந்து வந்தன என்பதும் அதனாலேயே விளங்கிற்று. இத்தனையும் சொன்னபின் சிறுவன், “அப்ப நாங்க பிழையான இடத்துக்கு வந்திட்டம்” என்பான். இது முறையான முடிபே. துளைதேடலின் சார்பு, சாக்லேட்டுத் தாவல்: பக்கத்து ஊராகிய புரோக்கில் சாக்லேட்டு ஆலை இருப்பதை எந்தச் சிறுவனும் எப்படியோ அறிந்திருப்பான்.

பொதிதிறத்தல், வேண்டியவை எல்லாம் விலைக்குக் கிடைக்குமிடத்தில் வீட்டு உணவைத் திறத்தல். நுழைவாயிலுக்கு வெளியே, புல்வெளி ஓரத்தில், மாடுகள் பார்க்க நிகழும். இடியப்பம் ஒரு பெட்டி, சம்பல் ஒரு பெட்டி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு இறுகமூடியில். இங்கே குறிக்கத்தக்கது எதிர்ச்சுளித்தல். இறுகமூடி திறந்த அளவில், பக்கத்துப் பலகையில் அமர்ந்திருந்த அந்நாட்டு வீட்டாரின் மூக்குகள் மேலெழும். முன்மூக்கர், உடன்மூக்கர் எனும் பாகுபாடு அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். அவர்களின் அம்மம்மாவும் ஏதோ சொல்வார். பேரப்பிள்ளை அவர் கையைப் பிடித்து அமர்த்தும். நம் பேத்திக்குப் பிரெஞ்சு விளங்கும். ஆயினும் அவள் மொழிபெயர்ப்பதில்லை.

4. ஒழிபு: சுவைத்தல், கூட்டுண்ணல், கொள்ளல்

தாழ்களத்தில் சீட்டோடு மூன்று துண்டுகள் தருவர்: ஆறு, எட்டு, பத்துத் திங்கள் முதிர்ந்தவை. இளையது மென்மை, நடுவது உறைப்பு, மூத்தது பல்லில் மணல்போல் சிறுபடிகம் நெருடும். ஏழு பேர் போனால் இருபத்தொரு துண்டு என்று கணக்கன் கூறுவான். கட்டியுலாவில் அக்கணக்கு நில்லாது. பெரியம்மாவின் மூன்றும் பேரனுக்கு. பேரன் இளையதை மட்டும் தின்று மூத்ததை அம்மாவின் கைக்குள் வைப்பான். அம்மா அதைக் கடதாசிக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் இடுவார். இதற்குக் கைம்மாற்று என்று பெயர். சுற்றி முடியும்போது பதினொரு துண்டு பெரியப்பா வயிற்றில் இருக்கும். அவர் ஒன்றையும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்.

கூட்டுண்ணல் என்பது உருக்கிய கட்டிச்சட்டியை நடுவில் வைத்து, நீண்ட முள்ளில் ரொட்டித்துண்டைக் குத்தி, தோய்த்துத் தின்பது. குரூயேர்ப் பகுதியில் பாதி குரூயேர்க் கட்டி, பாதி பிரிபூர் வாசரான் என்னும் மற்றொரு கட்டி எனக் கலப்பது வழக்கம். ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்டவர் தண்டம் கட்டவேண்டும் என்பதும் வழக்கம். முதல் துண்டை அப்பா தவறவிடுவார், தண்டம் என்ற பேச்சே எழாது. உருக்கும்போது வெள்ளைக் கொடிமுந்திரித் தேறல் ஊற்றப்படுகிறது என்பதைப் பெரியப்பா அறிவார். அறிந்தும் அறிவியார். அம்மா குளிர்ந்த நீர் கேட்க, பரிமாறுபவர் தயங்குவார். உருகிய கட்டியோடு குளிர்நீர் வயிற்றில் கல்லாகும் என்பது அந்நாட்டு மூத்தோர் நம்பிக்கை. சுடுதேநீர் வரும். நம் மூத்தோரும் இப்படியொன்றை நம்பக்கூடியவரே. ஆகவே இரு நாட்டுக் கிழவியரும் உடன்பட்ட ஒரே இடம் இதுவென்று குறித்துக்கொள்.

சட்டி ஒழிந்ததும் அடியில் பொன்னிறத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அந்நாட்டார் அதையே சிறந்த பகுதியாகக் கருதிச் சுரண்டிப் பங்கிடுவர். பரிமாறுபவர் அதைப் பெருமையோடு பெயர்த்து அம்மம்மாவின் தட்டில் வைக்கிறார். அம்மம்மா அதைக் கரண்டியால் தட்டிப் பார்த்து, மருமகள் பக்கம் திரும்பி, “அடிப்பிடிச்சுப் போச்சுப் பிள்ளை” என்கிறார்.

கொள்ளல் சுருக்கம். முழுவட்டை எவரும் வாங்குவதில்லை. முந்நூறு கிராம் ஆப்பு ஒன்று, மணி கட்டிய மாட்டுப் பொம்மை ஒன்று, ஊருக்கு அனுப்ப அடைப்பட்டை ஒட்டிய பொதி ஒன்று. ஊர்ப்பொதி யாழ்ப்பாணம் போய்ச் சேரும். சேர்ந்தவிடத்தில், “நல்லாய்த்தான் இருந்தது, ஆனால் பழுதாப்போச்சு போலை, மணக்குது” என்று கைப்பேசியில் செய்தி வரும். வீட்டு ஆப்பு குளிர்ப்பெட்டியின் கதவுத்தட்டில் சிலநாள் தங்கி, ஒருநாள் காலை தோசைமேல் துருவப்படும். அது நல்ல முடிபே. குரூயேர்க் கட்டி நன்றாக உருகும். தோசைக்கல் அதற்கு அயலிடம் அன்று.

புறனடை: இங்குக் கூறாத வகைகளும் உண்டு. மலையேற்ற மிதியடி அணிந்து வரும் புதுமாப்பிள்ளை, மாட்டுக்கு அஞ்சும் வானூர்திப் பொறியாளர், சீட்டு வாங்காமல் வெளியே அமர்ந்து அனைவரின் பைகளையும் காக்கும் சித்தி ஆகியோரைக் கூறியவற்றோடு ஒப்பிட்டு நீயே வகுத்துக்கொள்.

மாணாக்கனே, இரு களத்துள் ஒன்றற்கே பொழுது உண்டாயின் மலைக்களம் போ, கோடையில் போ. பெரியம்மாவிடம் உறைநொதியைப் பற்றிப் புறப்படுமுன் சொல்லிவிடு. மேலங்கியில் பழையதை அணி. முற்பகலில் போய்ச் சேரும் வண்டியைப் பிடி. அதற்குப் பிந்தினால் பார்க்கக் கிடைப்பது குழாய்நீர்தான்.